எண்ணும் தமிழரும்

(முத்தாபுதுப்பேட்டையில் நடைபெற்ற தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

“கணக்கு எங்கே பிறந்தது?” என்னும் வினாவைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இவ்வூர்க்கு மிகப் பொருந்திய தலைப்பு இது. உங்களுக்கு அண்மையில் வான்படை நிலையம் இருக்கின்றது. ஆவடியில் படையூர்தித் தொழிற்சாலை இருக்கின்றது. ஒரு மயிரிழை அளவு பிழைத்தாலும் ஓர் உறுப்பு முழுவதும் வீணாகும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகலின் எண்ணின் அருமையை உங்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வெண்ணைக் கண்டவர் யார், அதில் தமிழர்க்குரிய பங்கு எவ்வளவு என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றேன்.

இவ்வினாவுக்கு நம் நாட்டில் மூவகை விடைகள் உலவுகின்றன. கணக்கியல் கிரேக்கரிடம் பிறந்தது என்பார் ஒரு சாரார். வேதத்தில் பிறந்தது என்பார் மற்றொரு சாரார். அனைத்தும் தமிழரிடமே பிறந்தன. பிறர் யாவரும் நம்மிடமிருந்து கவர்ந்து சென்றனர் என்பார் மூன்றாம் சாரார். இம் மூன்றாமவர் நம்மவர்; நம் மேடைகளில் பேசுகின்றவர்; நம்முடன் உண்டு நம்முடன் உழைப்பவர். எனினும் மூன்று விடைகளையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே அறம். பிறர் பொன்னை மட்டும் உரைத்து, நம் பொன்னை உரையாமல் விடுவது வாணிகரும் ஒப்பாத முறை.

ஆவடி என்னும் பெயர், ஆங்கிலேயர் அமைத்த படைக்கலக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைக் கூட்டி அமைந்தது என்று சொல்வாரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவரிடம், “இதற்குச் சான்று யாது?” என்று நாம் உடனே கேட்கின்றோம். நன்று. அதே வினாவை நம்மை நோக்கியும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் உயிர்.

முதற்கண் கிரேக்கர் கட்சியைக் காண்போம். கிரேக்கர் தோன்றிக் கணக்கு நூல்கள் இயற்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே எகிப்தியரும் பாபிலோனியரும் கணக்கில் தேர்ந்திருந்தனர். இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘இரைண்டு’ தாள்சுருள், ஏறத்தாழ கி.மு. 1550-இல் ஆமோசு என்னும் எழுத்தர் ஒருவர் அதனினும் பழைய சுவடியைப் பார்த்துப் படியெடுத்தது. அப்பமும் கூலமும் பங்கிடுவது எவ்வாறு, வட்ட நிலத்தின் பரப்பைக் காண்பது எவ்வாறு என்றெல்லாம் அதில் கணக்குகள் உள்ளன. ஐந்தில் இரண்டு பங்கை எகிப்தியர் மூன்றில் ஒன்றும் பதினைந்தில் ஒன்றும் கூடியதாக எழுதினர். இதனை நினைவில் வையுங்கள். நம் முன்னோர் ஐந்தில் இரண்டை எவ்வாறு சொன்னார்கள் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

பாபிலோனியரின் களிமண் ஏடுகள் இன்னும் வியப்பூட்டுவன. நியூயார்க்குக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ‘பிளிம்டன் 322’ என்னும் ஏடு ஒன்று இருக்கின்றது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1800. அதில் பதினைந்து வரிகளாக எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை செங்கோண முக்கோணங்களின் சிறிய பக்கமும் சாய்வுக் கோடும் ஆகும். முதல் வரியின் முக்கோணம் 119, 120, 169 என்னும் அளவினது. நான்காம் வரியினது 12,709, 13,500, 18,541 என்னும் அளவினது. சிறிய இரண்டு எண்களையும் தம்மால் தாமே பெருக்கிக் கூட்டினால், பெரிய எண்ணைத் தன்னால் பெருக்கிய தொகை ஒரு குறையுமின்றி வரும். வீட்டுக்குச் சென்றதும் பெருக்கிப் பாருங்கள். பிதாகரசு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது இவ்வேடு. ‘பிதாகரசுத் தேற்றம்’ என்று பள்ளிகளில் படிப்பதன் உண்மை பிதாகரசுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் கிரேக்கர்க்குப் பங்கே இல்லையா எனின், உண்டு. ஏறத்தாழ கி.மு. 300-இல் யூக்ளிடு இயற்றிய நூல், ஓர் உண்மையை அது ஏன் உண்மை என்று படிப்படியாக நிறுவிக் காட்டிற்று. எண்களை வரிசைப்படுத்திய பெருமை பாபிலோனியர்க்கும், காரணம் கூறி நிறுவிய பெருமை யூக்ளிடுக்கும் உரியன. அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளித்தால் எவர் பெருமையும் குன்றுவதில்லை.

அடுத்து, வேதக் கட்சி. வடமொழியில் கணக்கு நூல்கள் உள்ளன. அதனை மறுப்பது நம் வேலையன்று. வேள்விமேடை அமைக்கும் முறை கூறும் சுல்ப நூல்களில் செங்கோண முக்கோணத்தின் இவ்வுண்மை தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. போதாயனரின் நூல் அவற்றுள் ஒன்று. ஆரியபட்டர் கி.பி. 499-இலும், பிரமகுத்தர் 628-இலும் தம் நூல்களை யாத்தனர். சுழியை ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி வகுத்தவர் பிரமகுத்தர். இவை மெய்யான பெருமைகள்.

ஆனால் 1965-இல் ‘வேதக் கணிதம்’ என்னும் பெயரில் நூலொன்று வெளிவந்தது. பூரி மடத்தின் தலைவராய் இருந்த ஒருவர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் அச்சேறியது அது. அதில் காணும் பதினாறு விதிகளும் அதர்வ வேதத்தின் பின்னிணைப்பைச் சார்ந்தவை என்று சொல்லப்பட்டது. அறிஞர்கள் தேடிப் பார்த்தனர். அறியப்பட்ட எந்த வேத நூலிலும் அவ்விதிகள் இல்லை. விரைவாகப் பெருக்கவும் வகுக்கவும் உதவும் குறுக்கு வழிகள் அவை, பயனுடையனவாகவும் இருக்கலாம். ஆனால் வேதத்தில் இருந்தன என்பதற்குச் சான்றில்லை. இதனை நாம் எடுத்துக்காட்டும்போது நம் அவையில் கையொலி எழுகின்றது. எழட்டும். அக் கையொலி அடங்குமுன் நம் கட்சியையும் உரைகல்லில் வைப்போம்.

‘போதையனார்’ என்னும் சங்கப் புலவர், பிதாகரசுக்கு முன்னரே செங்கோண முக்கோணத்தின் சாய்வுக் கோட்டைக் காணும் வழியைத் தமிழ்ப் பாட்டில் பாடிவைத்தார் என்று ஒரு செய்தி ஊரெங்கும் உலவுகின்றது. சாய்வுக் கோட்டைக் காண, நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக. எஞ்சிய ஏழு கூற்றோடு குட்டைப் பக்கத்தின் பாதியைச் சேர்க்க என்பது அப் பாட்டின் கருத்து. தன்னால் தன்னைப் பெருக்கவும் வேண்டா. மூலம் காணவும் வேண்டா. எவ்வளவு எளிமை!

உரைத்துப் பார்ப்போம். பக்கங்கள் 3, 4 என்று கொள்க. நான்கில் எட்டில் ஏழு பங்கு மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, கூட்ட ஐந்து. சரியான விடை. 5, 12 என்று கொள்க. பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. இதுவும் சரி. மேடைப் பேச்சாளர்கள் இவ்விடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்தாமல் மேலே செல்வோம். 8, 15 என்று கொண்டால் சாய்வுக் கோடு 17 ஆதல் வேண்டும். பாட்டின் வழி பதினேழே அரைக்கால் வருகின்றது. 7, 24 என்று கொண்டால் 25 வரவேண்டிய இடத்தில் இருபத்து நான்கரை வருகின்றது. சற்று முன் கூறிய களிமண் ஏட்டின் முதல் வரியைக் கொள்க: 119, 120. விடை 169. பாட்டின் வழி 164½ தான் வருகின்றது, நாலரை குறைகின்றது. இரு பக்கமும் ஒத்திருப்பின் பிழை நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று. இந்தப் பிழையோடு உங்கள் தொழிற்சாலையில் ஓர் உறுப்பைக் கடைந்து வைத்தால் மேற்பார்வையாளர் ஏற்றுக்கொள்வாரா?

இனி, அப் பாட்டின் மொழியைப் பாருங்கள். சாய்வுக் கோட்டுக்கு அதில் ஆளப்பட்டுள்ள சொல் ‘கர்ணம்’ என்பது. தூய தமிழ் பேசும் நாம், சங்கப் புலவர் வாயில் இவ் வடசொல்லை வைத்துக் கொண்டாடுவது யாங்ஙனம் பொருந்தும்? நடையும் பிற்காலத்தது. போதாயனர் என்னும் வடமொழி ஆசிரியர் பெயரே ‘போதையனார்’ எனத் தமிழுருப் பெற்றுப் பாட்டின் தலையில் ஏறியிருக்கின்றது என்று கருதுவதே பொருத்தம். பாட்டு இகழத்தக்கதன்று. மரம் அறுக்கும் தச்சருக்கும் கூரை வேயும் கொத்தருக்கும் கண்மதிப்பாகக் கணக்கிட உதவிய கைவிதி அது. கைவிதியைக் கைவிதி என்று சொன்னால் அதற்குப் பெருமை. பிதாகரசை வென்ற தேற்றம் என்று சொன்னால், அதனை நம்பி அயலார் அவையில் எடுத்துரைக்கும் நம் பிள்ளைக்குத் தலைகுனிவு. அதன் பின்னர் நாம் மெய்யைச் சொன்னாலும் எவரும் செவிசாயார். பொய்ப்பெருமையினால் வரும் தலையாய கேடு இதுவே.

அவ்வாறாயின் மெய்யான பெருமை யாது? அதனைத்தான் கூற வந்தேன்.

எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்கு இரு கண்கள் என வைத்தார் வள்ளுவர். அவற்றுள்ளும் எண்ணையே முற்படக் கூறினார். எண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்று புணரும் முறையைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரித்துரைக்கின்றது. ஓர் இலக்கண நூல் எண்ணுக்கு இத்துணை இடம் ஒதுக்குமாயின், அம் மொழியைப் பேசிய மக்கள் நாள்தோறும் எண்ணிக்கொண்டே வாழ்ந்தனர் என்பது தெளிவு. ஆயினும் தமிழரின் தனித்திறம் பேரெண்களில் விளங்கியதைவிடச் சிற்றெண்களிலேயே மிகுதியும் விளங்கிற்று. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை மேல்வாய் எண் என்றும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவற்றைக் கீழ்வாய் எண் என்றும் நம் முன்னோர் பிரித்தனர். கீழ்வாயில் அவர்கள் கட்டிய ஏணி பிறரை வியக்கவைப்பது.

இருபதில் ஒன்று, மா. மாவில் கால், காணி. அது எண்பதில் ஒன்று. காணியில் கால், முந்திரி. அது முந்நூற்றிருபதில் ஒன்று. ஏணி இங்கே முடியவில்லை. அம் முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, அதன் கீழே மீண்டும் அதே மா, காணி, முந்திரி. இக் கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. பாபிலோனியர் ஒன்றை அறுபதாகவும், அவ்வறுபதில் ஒன்றை மீண்டும் அறுபதாகவும் பகுத்தனர். தமிழர் முந்நூற்றிருபதாகப் பகுத்து மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்தனர். இரு நாட்டிலும் எழுந்த எண்ணம் ஒன்றே; படியின் உயரம் மட்டும் வேறு.

ஐந்தில் இரண்டை எகிப்தியர் எழுதிய முறையைக் கூறினேன். தமிழர் அதனைக் ‘காலே மும்மா’ என்றனர். கால் என்பது இருபதில் ஐந்து. மும்மா இருபதில் மூன்று. கூட்ட இருபதில் எட்டு. பெயரைச் சொல்லும்போதே கணக்கும் முடிந்துவிடுகின்றது.

ஆனால் 320 என்னும் எண்ணை மூன்றாலும் ஏழாலும் மிச்சமின்றி வகுக்க இயலாது. கீழ்முந்திரியை இருபத்தொன்றாகப் பகுத்து, அதற்கு ‘இம்மி’ என்று பெயரிட்டனர் நம்மவர். இருபத்தொன்று என்பது மும்மடங்கு ஏழு அன்றோ! எந்த எண் தம் ஏணியில் இல்லையோ அந்த எண்ணுக்கே இம்மி வழி திறந்துவிடுவதைப் பாருங்கள். “இம்மியளவும் ஐயமில்லை” என்று இன்றும் பேசுகின்றோம். அவ் விம்மி 21,50,400-இல் ஒன்று என்னும் திட்டமான அளவு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இவ் வேணி ஏட்டில் மட்டும் கிடந்ததன்று. சோழர் காலத்து நில வருவாய்க் கணக்கில், ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலக்கத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டுள்ளது. முந்நூற்றிருபதை மும்முறை வைத்துப் பெருக்கி, வந்ததை ஆயிரத்து அறுநூற்றால் பெருக்குங்கள். இவ் வெண் வரும். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதில் இப் பங்கு ஓர் எள்ளின் பரப்பினும் சிறியது. இதனை எந்த அளவுகோலாலும் அளந்திருக்க முடியாது. இராசராசனின் அலுவலர் எள்ளளவு நிலத்தைக் கோல்வைத்து அளந்தார் என்று சொல்வோமாயின் அதுவும் ஒரு பொய்ப்பெருமையே. கோல் அளந்த அளவுகளைப் பெருக்கியும் பகுத்தும் கூட்டியும் வரும்போது எஞ்சிய துணுக்கு அது. அத் துணுக்கையும் தள்ளிவிடாமல் பெயரிட்டு எழுதிவைத்த கணக்கரின் நேர்மையே நாம் போற்றத்தக்கது.

பிற்காலத்தில் காரி நாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ எழுந்தது. நிலம், பொன், நெல், அரிசி, கல், காலம் என உழவரும் வாணிகரும் கொத்தரும் நாள்தோறும் காணும் பொருள்களே அந்நூலின் பொருள்கள். பலாப்பழத்தைப் பிளக்காமல் சுளையை எண்ணும் வழி கூறுகின்றது ஒரு பாட்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கின்றது. இது மதிப்பீடு. வட்டத்தின் பரப்பைக் காணும் வழி கூறுகின்றது மற்றொரு பாட்டு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்கின்றது. இது மதிப்பீடன்று, ஓர் இம்மியும் பிழையாத விதி. எந்த வட்டத்தை எடுத்து உரைத்தாலும் நிற்கும். போதையனார் பாட்டையும் இப் பாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கைவிதி எது, மெய்விதி எது என்று பிரித்தறிவதே கணக்கறிவு.

இவ் வட்ட விதி தமிழர்க்கு மட்டும் உரியதா? இல்லை. ‘ஒன்பது இயல்கள்’ என்னும் பழஞ்சீனக் கணக்கு நூலில் இதே விதி இதே முறையில் உள்ளது. அந்நூலுக்கு இலியூ ஊய் என்பார் கி.பி. 263-இல் உரை வரைந்தார். ஆரியபட்டர் நூலிலும் இது காணப்படுகின்றது. சீனர் நம்மிடம் கற்றனரா, நாம் சீனரிடம் கற்றோமா என்று வழக்காடுவதினும், வட்ட நிலத்தை அளக்க நேர்ந்த உழவர் எந்நாட்டவராயினும் ஓர் உண்மைக்கே வந்து சேர்கின்றனர் என்று கண்டு மகிழ்வதே அறிவுடைமை.

சுழியைப் பற்றியும் ஒரு சொல். நம் பழைய எண்ணெழுத்தில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று இருபத்தைந்தை ௩௱௨௰௫ என்று எழுதினர். அம் முறையில் சுழிக்கு வேலையில்லை. தமிழெண்களோடு சுழி சேர்ந்து இடமதிப்பு முறையில் எழுதும் வழக்கம் அச்சுக் காலத்தில் பரவியது. கம்போடியாவில் கி.பி. 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில் சுழி காணப்படுகின்றது. கடலுக்கு அப்பால் மாயர்கள் தாமே தனியாகச் சுழியைக் கண்டனர். சுழியும் எங்களதே என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. நமக்குரியதைச் சொல்லவே நாள் போதாது.

பெருமக்களே! கணக்கின் பிறப்பிடம் பற்றிய வழக்கில் நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உலக அறிஞரின் கருத்தைக் கவர்ந்தது. அதனைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சான் வாரன் என்பார், 1825-இல் ‘காலசங்கலிதம்’ என்னும் ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஐந்திறம் (பஞ்சாங்கம்) கணிக்கும் தமிழ்க் கணியர் ஒருவரை அவர் கண்டார். அக் கணியர் தாளையும் தூவலையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். நெட்டுருவாக அறிந்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்தார். சோழிகளை நகர்த்தி நகர்த்தி நிலாமறைப்பின் நேரத்தைக் கணித்தார். 1825-ஆம் ஆண்டு மே 31, சூன் 1 ஆகிய நாள்களுக்கிடையே நிகழ்ந்த மறைப்பு அது. தொடக்கத்தில் அவர் கணிப்பின் பிழை 4 மணித்துளி. நடுவில் 23 மணித்துளி. முடிவில் 52 மணித்துளி.

நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஆட்டோ நியூகெபாவர் என்னும் கணக்கியல் வரலாற்றறிஞர் ‘தமிழ் வானியல்’ என்னும் பெயரிலேயே ஒரு கட்டுரை வரைந்தார். நிலவின் விரைவு ஏறியும் இறங்கியும் மாறுவது. அம் மாற்றம் ஒன்பது முறை நிகழ 248 நாள் ஆகும். அந்த 248 நாளை அலகாகக் கொண்டு கணிக்கும் முறை பாபிலோனியருடையது. கிரேக்க மொழித் தாள்சுருளிலும் உள்ளது. தமிழ்க் கணியரின் நாவிலும் இருந்தது. பாபிலோனியரின் முறை கிரேக்க உலகின் வழியே தென்னாட்டை அடைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது என்பது நியூகெபாவரின் முடிவு.

இதனைக் கேட்டதும் நம் தோழர் சிலர் முகம் வாடக்கூடும். “அப்படியானால் அது நம்முடையது அன்றா?” என்பர். யான் கேட்கின்றேன்: பாபிலோனின் கோட்டைகள் மண்ணாயின, அதன் களிமண் ஏடுகளைப் படிக்க வல்லார் ஒருவரும் இன்றிப் பதினேழு நூற்றாண்டுகள் கழிந்தன. அக் காலமெல்லாம் அக் கணக்கைப் பேணிக் காத்து நாள்தோறும் கையாண்ட மண் எது? பிறந்த இடத்தில் மறைந்துபோன ஒன்று வளர்ந்த இடத்தில் வாழ்ந்தது. பெற்றவள் தாயெனின் வளர்த்தவளும் தாயே.

ஆயினும் இந்நிகழ்ச்சியில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அக் கணியர்க்குத் தம் கணிப்பின் அடிப்படைக் கொள்கை தெரியவில்லை என்று வாரன் எழுதினார். எப்படிக் கணிப்பது என்பது நாவில் நின்றது. ஏன் அவ்வாறு கணிப்பது என்பது மறைந்துபோயிற்று. நெட்டுரு காத்தது, நெட்டுருவே மறைக்கவும் செய்தது. காரணம் மறைந்த கணக்கு, வேரறுந்த மரம். சில நாள் பச்சையாய் நிற்கும், பின்னர் விறகாகும்.

நம் அண்டை நாட்டைப் பாருங்கள். சேரநாட்டுச் சங்கமக்கிராமத்து மாதவர், பதினான்காம் நூற்றாண்டிலேயே முடிவிலாத் தொடர்களால் வட்டத்தின் சுற்றளவைக் கண்டார். அவர் வழிவந்த சேட்டதேவர், பதினாறாம் நூற்றாண்டில் ‘யுக்திபாசை’ என்னும் நூலில் அவ் வுண்மைகள் ஏன் உண்மை என்று காரணம் காட்டினார். எம்மொழியில் காட்டினார்? வடமொழியில் அன்று, தம் மக்கள் பேசிய மலையாளத்தில்! காரணங்களைத் தாய்மொழியில் எழுதிவைத்ததனால், இன்று உலகமே அந்நூலைப் படித்து ஒப்புகின்றது. தாய்மொழிவழிக் கல்வி வேண்டுமென்று நாம் கேட்பது வெறும் பற்றினால் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதி, எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் குழிமாற்றும் கற்றனர். முன் கற்ற பிள்ளை பின் வந்த பிள்ளைக்குக் கற்பித்தான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆன்றூ பெல், நாட்டுப் பள்ளிகளின் மணலெழுத்தைக் கண்டு, அம் முறைகளைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று அங்கே அது பரவிற்று. இதற்கு நாள் உண்டு, நூல் உண்டு, சான்று உண்டு. இத்தகைய பெருமையைச் சொல்லுங்கள். எவரும் மறுக்க இயலாது.

பழைய கணக்கு நம் வாழ்விலிருந்து விலகியதற்குக் காரணங்கள் உள. ஓர் உருபாவுக்குப் பதினாறு அணா இருந்த வரையில், வீசமும் மாகாணியும் கடைத்தெருவில் வழங்கின. 1957 ஏப்பிரல் 1-இல் பதின்மக் காசு முறை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் மீட்டரும் வந்தன. 1980-இல் வழிவழி வந்த ஊர்க்கணக்கர் பதவி ஒழிந்தது. இம் மாற்றங்கள் வேண்டியவையே; பதின்ம முறை எளியது; பிறப்பால் வரும் பதவி ஒழியத்தக்கது. ஆனால் பதவியோடு அறிவும் ஒழிய வேண்டுமென்பது இல்லையே! கீழ்வாய் இலக்க வாய்பாட்டை முழுமையாய் ஒப்பிக்க வல்ல முதியோர் ஒருவர் மறையும்போது, ஒரு நூல் தீக்கிரையாகின்றது.

ஆகலின் உங்களை மூன்று செயல் வேண்டுகின்றேன்.

முதலாவது: உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கணக்கு ஓலைச்சுவடி இருப்பின், அதனை ஆற்றில் விடாதீர்கள், பரணில் செல்லுக்கு இரையாக்காதீர்கள். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும், சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகமும் கணக்குச் சுவடிகளைக் காத்து, சிலவற்றை அச்சேற்றியும் உள்ளன. அங்கே சேருங்கள். எண்சுவடி அறிந்த முதியோர் இருப்பின், இன்றே அவர் குரலைப் பதிந்து வையுங்கள்.

இரண்டாவது: தமிழர் பெருமை என்று எது உங்கள் கைக்கு வந்தாலும், பிறர்க்கு அனுப்புமுன் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு எடுத்துக்காட்டில் பொருந்தினால் போதாது. மூன்றாவதையும் நான்காவதையும் நீங்களே எடுத்து உரையுங்கள். நிற்பதை உயர்த்திப் பிடியுங்கள். நில்லாததைக் கீழே வையுங்கள். அதனால் தமிழ் இளைக்காது.

மூன்றாவது: உங்கள் பிள்ளைக்குக் கணக்கைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், விதியோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஏன்?” என்று அவன் கேட்டால் அதட்டாதீர்கள், அவள் கேட்டால் அடக்காதீர்கள். அவ் வொரு வினாவை நாம் கேளாமல் விட்டதனால் இழந்தவை பல.

கணக்கு எங்கே பிறந்தது என்று தொடங்கினோம். நெல்லை அளந்த இடத்திலும், நிலத்தைப் பகிர்ந்த இடத்திலும், நிலவை நோக்கிய இடத்திலும் பிறந்தது. நைலாற்றங்கரையில் பிறந்தது, யூப்ரட்டீசு கரையில் பிறந்தது, மஞ்சளாற்றங்கரையில் பிறந்தது, காவிரிக் கரையிலும் பிறந்தது. காவிரிக் கரையில் பிறந்த பிள்ளைக்கு மாவும் காணியும் முந்திரியும் இம்மியும் என்று அழகிய பெயர்கள் இட்டவர் நம் முன்னோர். அப் பெயர்களின் பொருளை நம் பிள்ளைகள் அறிந்து, அதற்கு மேலும் ஒரு படி கட்டுவார்களாயின், வருங்காலத்தார் நம்மைப் பற்றி உண்மையாகவே பெருமை பேசுவர்.